டக்-அவுட்டில் இரண்டாவது நாற்காலி

2017 டிசம்பர் 22. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டம். என் வரிசையில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை போட்டவர்கள், ரயிலேறி வந்திருந்த மலையாளிப் பையன்கள், முதல் நிமிடத்திலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சென்னை ஆதரவாளன்தான். ஆனால் அன்று என் கண் அடிக்கடி கேரளாவின் பயிற்சியாளர்கள் உட்காரும் டக்-அவுட் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான், "மச்சான், மேட்ச் அந்தப் பக்கம் நடக்குது, நீ எங்கடா பாக்குற?"

நான் பார்த்துக்கொண்டிருந்தது ரெனே மியூலென்ஸ்டீனை. கேரளாவின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர், டச்சுக்காரர். மான்செஸ்டர் யுனைடெட்டை சிறுவயதிலிருந்து பின்தொடர்கிற என்னைப் போன்றவர்களுக்கு அவர் வேறு ஆள். யுனைடெட்டின் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் கடைசி வருடங்களில் மைதானத்தில் இறங்கி தினசரிப் பயிற்சியை நடத்தியவர் அவர்தான். நான் டிவியில் பார்த்துக் கொண்டாடிய எத்தனையோ கோல்கள் அவர் போட்ட பயிற்சியிலிருந்து பிறந்தவை. அந்த மனிதர் என் ஊருக்கு வந்திருக்கிறார், என்னிடமிருந்து ஐம்பது அறுபது மீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

89-வது நிமிடத்தில் மிஹெலிச் பெனால்டியை கோலாக்கினார், ஸ்டேடியம் அதிர்ந்தது, சரி ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து நின்றோம். இன்ஜுரி டைமில் சி.கே. வினீத் அடித்து 1-1 ஆக்கிவிட்டார். மஞ்சள் சட்டைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எனக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் கடைசி நிமிடத்தில் சமன் செய்த மியூலென்ஸ்டீனின் அணி என்றதும் 2014 பிப்ரவரியில் பார்த்த இன்னொரு ஆட்டம் ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அடுத்து டிசம்பர் 31 அன்று கொச்சியில் பெங்களூரு எஃப்சியிடம் 3-1 என்று தோற்றார்கள். ஜனவரி 2-ஆம் தேதி அவர் பதவியில் இல்லை. நான் அவரைப் பார்த்துப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் போனால் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கூடவே போகிற உதவிப் பயிற்சியாளர்களுக்கு செய்தியின் கடைசியில் ஒரு வரி கிடைக்கும், "அவரது குழுவினரும் விலகினர்" என்று. அந்த வரியில் இருப்பவர்களைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு அணி உடைவதை நான் பார்த்தது அந்த வரியில்தான்.

மியூலென்ஸ்டீன் 2001-இல் யுனைடெட்டின் இளையோர் பிரிவுக்கு வந்தவர், பந்தைக் கையாளும் திறமைகளைச் சொல்லிக்கொடுக்க. நடுவில் டென்மார்க்கின் பிராண்ட்பி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டு 2007-இல் திரும்பினார். அந்த ஆகஸ்டில் போர்ட்ஸ்மவுத் ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ சிவப்பு அட்டை வாங்கினார், மூன்று ஆட்டங்களுக்குத் தடை. அந்த நாட்களில் மியூலென்ஸ்டீன் அவரைத் தனியாக எடுத்து கோல் அடிப்பதை மட்டும் உட்கார்ந்து அலசியிருக்கிறார். பெனால்டி பாக்ஸைப் பகுதிகளாகப் பிரித்து, கோலின் மூலைகளுக்கு வண்ணங்களைப் பெயராக வைத்து, எந்தப் பகுதியில் பந்து கிடைத்தால் எந்த மூலைக்கு, எப்படி அடிப்பது என்று. ஒவ்வொரு கோலும் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார் என்பதுதான் சாரம். இதை அவரே பின்னாளில் பேட்டிகளில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய சீசனில் 23 கோல் அடித்த ரொனால்டோ அந்த சீசனில் 42 அடித்தார். யுனைடெட் லீகையும் சாம்பியன்ஸ் லீகையும் ஜெயித்தது, 2008 முடியும் முன் ரொனால்டோ கையில் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது இருந்தது. அவருடைய உழைப்பும் திறமையும் அவருடையவை, அதில் யாரும் பங்கு கேட்கவில்லை. ஆனால் தடையில் உட்கார்ந்திருந்த 22 வயதுப் பையனின் அந்த நாட்களை வீணாக விடாமல் பார்த்துக்கொண்ட ஒருவர் இருந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஃபெர்குசனே ஒரு கதை சொல்வார். யுனைடெட்டுக்கு வருமுன் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் அணியில் இருந்த காலத்தில் எல்லாப் பயிற்சியையும் தானே நடத்திக்கொண்டிருந்தாராம். ஒருநாள் அவருடைய உதவியாளர், நீங்களே எல்லாவற்றையும் செய்வதென்றால் என்னை எதற்கு இங்கே வரவழைத்தீர்கள் என்கிற அர்த்தத்தில் கேட்டுவிட்டார். முதலில் ஒத்துக்கொள்ளாமல், அப்புறம் யோசித்து, பயிற்சியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஃபெர்குசன் ஓரமாக நின்று கவனிக்க ஆரம்பித்தார். யார் சோர்ந்திருக்கிறான், யாருக்கு வீட்டில் பிரச்சினை, யாருடைய ஓட்டம் மாறியிருக்கிறது என்பதெல்லாம் அதன் பிறகுதான் கண்ணில் பட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மொத்த வாழ்க்கையும் இந்த ஏற்பாட்டின் மேல் நின்றது.

அதே ஃபெர்குசன் உதவியாளர்களை மாற்றிக்கொண்டேயிருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்ச்சி நாக்ஸ், பிரையன் கிட், ஸ்டீவ் மெக்ளாரன், கார்லோஸ் கெய்ரோஸ், வால்டர் ஸ்மித், மறுபடி கெய்ரோஸ், அப்புறம் மைக் ஃபீலன். 1998 டிசம்பரில், சீசன் பாதியில், பிளாக்பர்னுக்கு மேனேஜராகக் கிட் போய்விட்டார். 1999 பிப்ரவரியில் டெர்பியிலிருந்து மெக்ளாரன் வந்தார், அவர் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை அவர்கள் ஊரிலேயே 8-1 என்று நொறுக்கினார்கள். மே மாதம் மூன்று கோப்பைகள். அந்த மாதத்தில்தான் பிளாக்பர்ன் மைதானத்தில் யுனைடெட் 0-0 டிரா செய்ய, கிட்டின் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. தான் பயிற்சி கொடுத்து வளர்த்த பையன்களே எதிரில் நின்று தன் அணியை இறக்கிவிடுவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

ஆக, உதவிப் பயிற்சியாளர் மாறினாலே அணி விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஃபெர்குசன் இருந்தவரை யார் போனாலும் அணியின் ஞாபகம் அவரிடம் இருந்தது. 2013 மே மாதம் அவரே போனார். அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போனார். அந்த நேரத்தில் அணியின் ஞாபகம் மிச்சமிருந்தது ஃபீலன், மியூலென்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் ஆகிய மூவரிடம்தான். டேவிட் மோயஸ் வந்தார். எவர்டனிலிருந்து ஸ்டீவ் ரவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கிறிஸ் வுட்ஸ் மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய மூவரும் போனார்கள்.

மோயஸின் பக்கமும் பேச வேண்டும். பதினொரு வருடம் எவர்டனில் இருந்தவர், அவருடைய அரை வார்த்தையைக் கேட்டு மீதியைப் புரிந்துகொள்கிற ஆட்கள் அவர்கள். புது இடத்தில், அதுவும் அவ்வளவு பெரிய நிழலில் வந்து நிற்கிறவனுக்கு, டிரெஸ்ஸிங் ரூமில் நம்பிப் பேச நாலு பேர் வேண்டும். பழைய குழுவோடு சேர்ந்து வேலை செய்தால், ஒவ்வொரு முடிவுக்கும் "பாஸ் இருந்திருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பார்" என்று யாராவது மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்களோ என்கிற பயமும் இருக்கும். எல்லாம் புரிகிறது. புரிந்தும் நான் அந்த முடிவைத் தவறு என்றே சொல்வேன். ஃபீலன் யுனைடெட்டில் விளையாடியவர், பயிற்சிக் குழுவில் பத்து வருடத்துக்கும் மேல் இருந்தவர். ஸ்டீல், ஸ்பெயினிலிருந்து 20 வயதில் வந்து முதல் மாதங்களில் தடுமாறிய கோல்கீப்பர் டி கேயாவோடு பேசுவதற்காக ஸ்பானிஷ் கற்றவர். எந்த வீரனைத் திட்டினால் எழுவான், எவனைத் திட்டினால் சுருண்டுவிடுவான், முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வருவது யார், இதெல்லாம் எந்தக் கோப்பிலும் எழுதிவைக்கப்படுவதில்லை.

இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. நான் வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவன், சென்னை லீகின் கீழ் டிவிஷனில் ஒரு சின்ன டீமுக்கு மூன்று வருடம் ரைட் பேக் ஆடினேன். எங்கள் கோச்சுக்கு உதவியாக ஒரு அண்ணன் இருந்தார். காலை ஐந்தரைக்கு டிவிஎஸ் 50-இல் பந்துப் பையைக் கட்டிக்கொண்டு வருவார், பையில் வாழைப்பழமும் பன்னும் இருக்கும், யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் என் வலது கணுக்காலில் அவர்தான் டேப் சுற்றுவார். எங்கள் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரன், நல்ல பிளேயர், ஆனால் பழைய அடி ஒன்றால் அவனால் இடது பக்கம் வேகமாகத் திரும்ப முடியாது. இது அண்ணனுக்குத் தெரியும், லெஃப்ட் பேக்கை எப்போதும் இரண்டு அடி உள்ளே நிற்க வைப்பார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, அந்தப் பையன் மனசு நோகக்கூடாது என்று.

கோச்சுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போனார். புது கோச் தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு ஒரு போன், அவ்வளவுதான். எனக்கு விஷயம் தெரிந்து அவர் வீட்டுக்குப் போனபோது, "விடுடா, அவங்க அவங்க ஆளை வெச்சுக்கட்டும், நீ கணுக்காலுக்கு டேப் போடாம எறங்காத" என்று மட்டும் சொன்னார். புதிதாக வந்த உதவியாளர் நல்ல மனிதர், எங்களைவிட நிறைய ஃபுட்பால் படித்தவர். லெஃப்ட் பேக்கை அகலமாக நிற்கச் சொன்னார், பாடப்படி அது சரிதான். முதல் ஆட்டத்திலேயே அந்த இடைவெளி வழியாக மூன்று கோல் வாங்கினோம். ஸ்டாப்பர் அதற்கப்புறம் ஒரு மாதம் பயிற்சிக்கே வரவில்லை.

சரி, 2014 பிப்ரவரி 9-க்கு வருகிறேன். ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டும் ஃபுல்ஹாமும். யுனைடெட் நடப்புச் சாம்பியன், ஃபுல்ஹாம் பட்டியலில் கடைசி. ஃபுல்ஹாமின் தலைமைப் பயிற்சியாளர் யார் என்றால், ரெனே மியூலென்ஸ்டீன். யுனைடெட்டை விட்டதும் ரஷ்யாவின் அன்ஷி அணிக்குப் போய், அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்து 16 நாளில் நீக்கப்பட்டு, அப்புறம் ஃபுல்ஹாமில் வந்து சேர்ந்திருந்தார். அன்று யுனைடெட் 81 கிராஸ்கள் போட்டது. எண்பத்தொன்று. நான் முழு ஆட்டத்தையும் பார்த்தேன், பந்து ஓரத்துக்குப் போகும், உள்ளே தூக்கிப் போடப்படும், ஃபுல்ஹாமின் உயரமான தடுப்பாட்டக்காரர் டான் பர்ன் தலையால் முட்டி வெளியே அனுப்புவார், மறுபடி அதே. அடுத்து என்ன வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. ஐந்தாவது டிவிஷனில் ஆடியதற்கப்புறம் இவ்வளவு பந்தைத் தலையால் அடித்ததில்லை என்று ஆட்டம் முடிந்து பர்ன் சொன்னார். ஃபுல்ஹாமின் சிட்வெல் முதலில் அடிக்க, யுனைடெட்டின் வான் பெர்சியும் கேரிக்கும் கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து அடித்து 2-1 என்று முன்னேறினார்கள். 94-வது நிமிடத்தில் ஃபுல்ஹாமின் டேரன் பென்ட். 2-2.

அந்த வீரர்களில் பெரும்பாலோர் ஒன்பது மாதம் முன்னால் 89 புள்ளிகளோடு கோப்பை தூக்கியவர்கள். அப்போது அவர்களுக்குப் பயிற்சியை வடிவமைத்தவர் இப்போது எதிரணி டக்-அவுட்டில் இருந்தார். அடுத்த ஐந்தாவது நாள், பிப்ரவரி 14, ஃபுல்ஹாம் அவரையும் நீக்கியது.

யுனைடெட் 64 புள்ளிகளோடு ஏழாவது இடத்தில் முடித்தது. ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் பத்து மாதத்தில், ஏப்ரல் 22 அன்று, போய்விட்டார், அவர் கூட்டிவந்த ரவுண்டும் மற்றவர்களும் அதே பாதையில். வயதான தடுப்பாட்டம், ஃபெல்லெய்னியைத் தவிர பெரிதாக யாரையும் வாங்காத கோடை என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் இந்த ஒரு முடிவின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

பத்து வருடம் கழித்தும் அந்தக் கிளப்பில் இது மாறவில்லை. 2024 கோடையில் எரிக் டென் ஹாக் தொடர்வார் என்று முடிவானதும் அவருடைய பழைய உதவியாளர்கள் போய், ரூட் வான் நிஸ்டல்ராய் வந்தார். யுனைடெட்டுக்காக 150 கோல் அடித்தவர், 2026 வரை ஒப்பந்தம். அக்டோபர் 28 அன்று டென் ஹாக் நீக்கப்பட்டார். வான் நிஸ்டல்ராய் நாலு ஆட்டத்துக்குத் தற்காலிகப் பொறுப்பு, மூன்று வெற்றி, ஒரு டிரா. இருக்கவே விரும்பினார். ரூபன் அமோரிம் ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து தன் முழுக் குழுவோடு வந்தார், வான் நிஸ்டல்ராய் அன்றே வெளியே. டென் ஹாக்கையும் அவர் ஆட்களையும் அனுப்ப 1.04 கோடி பவுண்டு, அமோரிமையும் அவர் ஆட்களையும் கொண்டுவர 1.1 கோடி பவுண்டு என்று கிளப்பின் கணக்கே சொல்கிறது. அதே சமயத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று சாதாரண ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பிய கிளப் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பயர்ன் மியூனிக்கில் ஹெர்மன் கெர்லாண்ட் என்று ஒருவர் இருந்தார். மியூலர், லாம், ஷ்வைன்ஸ்டைகர் எல்லாரும் இளையோர் அணியிலிருந்து அவர் கையால் வளர்ந்தவர்கள். 2009-இல் வான் ஹாலுக்கு உதவியாளரானார். அப்புறம் ஹெயின்கெஸ், குவார்டியோலா, அன்செலோட்டி என்று ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களைக் கூட்டிவந்தாலும் கெர்லாண்ட் நாற்காலி அங்கேயே இருந்தது, ஏனென்றால் அவரை வைத்திருந்தது கிளப். 2019 கோடையில் நிக்கோ கோவாச்சுக்கு உதவியாளராக ஹான்சி ஃப்ளிக்கைக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் கோவாச் போனதும் ஃப்ளிக் மேலே ஏறினார், நடுவில் இளையோர் பிரிவுக்குப் போயிருந்த கெர்லாண்டை மறுபடி பெஞ்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவை 8-2 என்று அடித்து, மூன்று கோப்பையும் வென்றார்கள். கெர்லாண்டுக்கு அது பயர்னின் பெஞ்சிலிருந்து பார்த்த இரண்டாவது முக்கோப்பை, முதலாவது 2013-இல்.

ஃப்ளிக் கதையைச் சொல்லி யாராவது, இதனால்தான் மேனேஜர்கள் கிளப் வைத்த ஆளை நம்புவதில்லை, நாளைக்கு அவனே என் நாற்காலியில் உட்காருவான் என்பார்கள். உண்மைதான். அந்த பயம் மேனேஜருடையது, அதைக் கிளப்பும் சுமக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உதவியாளர்களில் மூன்று பேரை மேனேஜர் கூட்டிவரட்டும், ஒருவரையாவது கிளப் தன் ஒப்பந்தத்தில் வைத்திருக்கட்டும்.

நம் ஐஎஸ்எல்லில் இது இன்னும் அவசியம். வெளிநாட்டு கோச்சுகள் வருகிறார்கள், ஒரு சீசன், அரை சீசனில் போய்விடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற இந்திய உதவியாளர்தான் வீரனின் மொழி, ஊர், முந்தைய காயம் எல்லாம் தெரிந்தவர். மியூலென்ஸ்டீன் போய் டேவிட் ஜேம்ஸ் வந்தபோது கேரளாவில் தாங்போய் சிங்டோ உதவியாளராகவே தொடர்ந்தார். நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் 2021 ஜனவரியில் ஜெரார்ட் நூஸை நீக்கியதும், உதவியாளராக இருந்த காலித் ஜமீலிடம் அணியைக் கொடுத்தார்கள். லீக் கட்டம் முடியும்வரை அவர் தோற்கவேயில்லை, அணி அரையிறுதிக்குப் போனது. ஐஎஸ்எல்லில் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் அவர்தான், 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே கோச்சானார். அன்று நார்த்ஈஸ்ட் நிர்வாகம் வழக்கம்போல இன்னொரு வெளிநாட்டவரைத் தேடி விமானம் ஏற்றியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மியூலென்ஸ்டீன் மறுபடி உதவியாளரானார், இந்த முறை ஆஸ்திரேலியத் தேசிய அணியில், கிரஹாம் அர்னால்டின் பக்கத்தில். 2022 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா கடைசிப் பதினாறுக்குள் வந்து அர்ஜென்டினாவைச் சந்தித்தது. நமக்கு டிசம்பர் 4 அதிகாலை பன்னிரண்டரை மணி. வீட்டில் எல்லாரும் மெஸ்ஸிக்காக விழித்திருந்தார்கள். அண்ணனும் வந்திருந்தார், இப்போது அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் சொல்லிக்கொடுக்கிறார். அர்ஜென்டினா 2-1 என்று முன்னால் இருக்க, கடைசி நிமிடத்தில் ஆஸ்திரேலியாவின் 18 வயது குவோல் திரும்பி அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் பாய்ந்து பிடித்தார். வீடே கத்தியது. அண்ணன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்தப் பையன் திரும்புன விதத்தைப் பாத்தியா, யாரோ நல்லா சொல்லிக்குடுத்திருக்காங்கடா" என்றார்.